வெட்டிய முகம், நீட்டிய கை

"இது எலி வேலைதான் அண்ணி," என்றேன்.

"எலி இவ்வளவு வட்டமா கத்தரிக்குமா, கொழுந்தனாரே?"

"படிச்ச எலியா இருந்தா?"

அண்ணி சிரிக்கவில்லை. என் அண்ணனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை என்று ஏதோ சபதம் எடுத்தவர் போலத்தான் இருப்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அதில் டிரைவர், எடுபிடி, பேச்சுத்துணை எல்லாம் நான்தான். பேச்சு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி என்று வீட்டில் புகார்.

நாங்கள் நின்றது ஒரு ரொட்டிக் கூடத்தின் முற்றத்தில். ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் கூடம் அது. உள்ளே ஒரே ஒரு பெரிய அடுப்பு, மாவு படிந்த நீள மேசைகள், சுவரெல்லாம் ரொட்டி வாசனை. முற்றத்தில், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ் போர்டு. அதில் ஒரு சிறுமியின் படம், பழுப்பு நிறத்தில். நம்மைப் பார்த்து நீட்டிய வலது கை. கீழே கொட்டை எழுத்தில் 'நீட்டிய கைகளை நிரப்புவோம்'. அதற்கும் கீழே அறக்கட்டளையின் பெயர்.

சிறுமிக்குக் கழுத்து இருந்தது, பின்னல் இருந்தது, கை இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியாக ரொட்டிக் கூடத்தின் ஜன்னல் தெரிந்தது.

அந்த அறக்கட்டளையைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. பக்கத்து நகரத்தில் உட்கார்ந்துகொண்டு சுற்றுவட்டார ஊர்களுக்கு உதவுகிறவர்கள். ஓர் ஊருக்கு நூலகம், இன்னோர் ஊருக்குத் தையல் கூடம், டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குத் தடுப்பூசி வேன். நல்ல காரியம்தான், பழுது சொல்ல முடியாது. ஆனால் இந்த வருஷம் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். உதவி போன இடத்திலெல்லாம் போர்டு இருக்க வேண்டும். போர்டுக்குச் சேதம் வந்தால் அடுத்த உதவி நின்றுவிடும்.

வெள்ளி விழா வருஷம் என்று, இதுவரை கடிதத் தாளின் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்த சிறுமியை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஊர் ஊராக நட்டார்கள். நட்ட வேகத்தில் முகம் காணாமல் போக ஆரம்பித்தது. நூலகத்தில், தையல் கூடத்தில், இப்போது இங்கே. 'விழாவுக்கு முன்னால ஆளைப் பிடிச்சுக் குடுங்க' என்று தலைவர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

"நாங்க பண்ணலம்மா," என்றார் ரொட்டிக்காரம்மா. கூடத்துக்குப் பொறுப்பானவர். முழங்கை வரைக்கும் மாவு. எங்கள் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ரெண்டாவது அடுப்பு தர்றேன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப நிறுத்தி வெச்சுட்டாங்க. அதுகூடப் பரவால்ல. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ற ஊருன்னு பேராயிடுச்சு பாருங்க. ரொட்டி எடுத்துட்டு வெளியூர் போனா, 'நீங்கதானே போர்டைக் கிழிச்சவங்க'ங்கறாங்க. தலையைத் தூக்க முடியல."

"உங்களை யாரும் சந்தேகப்படலம்மா," என்றார் அண்ணி. பிறகு என்னிடம், "மேல ஏறு."

"எங்கே?"

"போர்டுக்குப் பின்னால. உன் நீளக் காலுக்கு இன்னிக்காவது ஒரு வேலை வேண்டாமா?"

முக்காலி போட்டு ஏறினேன். ஏறின கையோடு சட்டத்தில் இருந்த துருப்பிடித்த ஆணி உள்ளங்கையைக் கீறியது. கத்தினேன். அண்ணி காயத்தைப் பற்றிக் கேட்கவில்லை, பின்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"ஓட்டையோட விளிம்பைச் சுத்தி வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கு. பிளாஸ்திரி அண்ணி! காயத்துக்குப் போடுவாங்களே, அது. எனக்கு ஒண்ணு பிய்ச்சுக்கவா?"

"தொடாதே. இறங்கு."

அவரே ஏறிப் பார்த்தார். இறங்கும்போது முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. அண்ணிக்குக் குழப்பம் வந்தால் கேஸ் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"நாசம் பண்ண வந்தவன் ஒட்டுப் போட்டுட்டுப் போவானா?"

"மறதியா இருக்கும்."

"ஃப்ளெக்ஸ்ல ஓட்டை விழுந்தா காத்துல மேல மேல கிழியும். கிழியக் கூடாதுன்னு சுத்தி ஒட்டியிருக்காங்க. போர்டு மேல கோபம் இல்ல. அறக்கட்டளை மேலயும் இல்ல, பேர்ல ஒரு கீறல்கூடக் கிடையாது. அந்த முகம் மட்டும் இங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்னொண்ணு பார்த்தியா? ஒவ்வொரு துண்டுலயும் முனையைக் கொஞ்சம் உள்பக்கமா மடிச்சு விட்டிருக்காங்க."

"அழகுக்கா?"

"தெரியல." அண்ணி ரொட்டிக்காரம்மாவிடம் திரும்பினார். "இந்த ஊர்ல மருந்துக் கடை எங்கம்மா இருக்கு?"

"கடையே இல்லியேம்மா. தலைவலி மாத்திரைக்குக்கூட அடுத்த ஊர் போகணும். அதனாலதானே தடுப்பூசி வேனே வருது."

"போர்டுல ஓட்டையை எப்பப் பார்த்தீங்க?"

ரொட்டிக்காரம்மா யோசித்தார். "வேன் வந்துட்டுப் போன மறுநாள் காலையில." சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, நர்ஸம்மாவா? இருக்காதும்மா. அவங்க தங்கம். வேனைக்கூட அவங்களேதான் ஓட்டிட்டு வருவாங்க. எங்க பிள்ளைங்க எல்லாம் அவங்க கையால ஊசி போட்டுக்கிட்டதுங்க."

"சும்மா பார்த்துட்டு வர்றோம்," என்றார் அண்ணி. "வேன் இன்னிக்கு எங்கே?"

நர்ஸின் சொந்த ஊரிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் நடுவில் இருந்த மைதானத்தில், மரநிழலில் நிறுத்தியிருந்தார்கள். வேனின் பக்கக் கதவைத் திறந்து, ஒரு மடக்கு மேசை, பஞ்சு டப்பா, ஐஸ் பெட்டி, ஒரு ஸ்டூல். சாப்பாட்டு இடைவேளை என்பதால் பிள்ளைகள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நூலக வாசலில் அதே போர்டு, முகம் இல்லாமல்.

"ஊசி போடணும்," என்று என் கையைப் பிடித்து நீட்டினார் அண்ணி. "துருப்பிடிச்ச ஆணி."

"அண்ணி, விசாரணைக்கு வந்தோம்னு நினைச்சேன்."

"ரெண்டும் நடக்கட்டும்."

நர்ஸுக்கு முப்பது, முப்பத்தைந்து இருக்கும். மெலிந்த உடம்பு, வேகமான கைகள். என் உள்ளங்கையைக் கழுவினாள், ஊசி மருந்தை எடுத்தாள். "எங்க சார் குத்துச்சு?"

ஊசியைப் பார்த்தால் எனக்கு வாய் ஓடும். பயம்தான். ஓடியது.

"உங்க அறக்கட்டளை போர்டுதாங்க குத்துச்சு. அந்த அழுமூஞ்சிப் பொண்ணு இல்ல? பிறந்ததுலேர்ந்து வேற வேலையே செய்யல, கையை நீட்டியே ஊர் ஊராப் பேர் வாங்கிட்டா. இப்ப யாரோ அவ மூஞ்சியை மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கையை விட்டுட்டுப் போயிட்டாங்க, வசூல் நிக்கக் கூடாதுன்னு."

ஊசி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. ஒரு நொடி இருக்கும். பிறகு இறங்கியது. வலித்தது.

"அடுத்த வாரம் பிரிச்சுக்கலாம்," என்று உள்ளங்கையில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். ஒட்டி முடித்ததும் முனையைக் கொஞ்சம் உள்பக்கமாக மடித்து விட்டாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டார் அண்ணி, ரொம்ப சாதாரணமாக.

"பிரிக்கும்போது பிடிச்சு இழுக்க ஒரு நுனி வேணுமில்ல மேடம். இல்லேன்னா பிள்ளைங்க நகத்தால தோண்டித் தோண்டிப் புண்ணாக்கிக்கும். பழகிடுச்சு."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். எனக்கே புரிந்துவிட்டது என்றால் விஷயம் எவ்வளவு வெளிப்படையாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'பிடிச்சாச்சு' என்று எழுந்து கையைத் தட்டாத குறை. ஏன் செய்தாள், கூலிக்கா, யாராவது தூண்டிவிட்டார்களா என்று மனதுக்குள் கேள்விகளை வரிசைப்படுத்தினேன்.

அப்போதுதான் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "ஏய், பிச்சைப் போர்டு! கையை நீட்டு, கையை நீட்டு!" நாலைந்து பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஒரு சிறுமி ஓடி வந்தாள். எட்டு வயது இருக்கும். அழவில்லை, அழாமல் இருப்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, தண்ணி," என்று நர்ஸின் பின்னால் போய் நின்றாள். தண்ணீர் குடிக்கவில்லை.

அந்த முகத்தைப் பார்த்தேன். கேஸ் எடுத்த நாளிலிருந்து எங்கள் ஆபீஸ் மேசையில் கிடக்கும் முகம். அதே நெற்றி, அதே கண், மேலுதட்டில் அதே சின்னப் பள்ளம். போர்டுகளில் எங்கெல்லாம் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் இந்த முகம்தான் இருந்திருக்கிறது.

ஆனால் படம் எடுத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இவளாக இருக்க முடியாது. நான் மெல்ல நர்ஸை நிமிர்ந்து பார்த்தேன்.

அழுமூஞ்சி. வசூல். நான் பேசியது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பூமிக்கு எப்போதுமே அவசரம் கிடையாது.

சிறுமி வகுப்புக்குப் போன பிறகு, நாங்கள் எதற்கு வந்தோம் என்று அண்ணி சொன்னார். நர்ஸ் வேனுக்குள் ஏறினாள். எங்களையும் கூப்பிட்டாள். ஓர் இழுப்பறையைத் திறந்து, பஞ்சுச் சுருள்களுக்கு அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்து அண்ணியின் மடியில் வைத்தாள். வட்டமாகக் கத்தரித்த முகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு.

"தூக்கிப் போட்டிருக்கலாமே," என்றார் அண்ணி.

"மனசு வரலக்கா. என் மூஞ்சிதானே." மேடம் என்பது அக்கா ஆகிவிட்டது. "சின்னதா கடிதத்துல இருந்தப்ப யாரும் கவனிக்கல. நானும் பேசாம இருந்துட்டேன். வெக்கமா இருந்துச்சு, ஆனா தாங்கிக்கிட்டேன். இப்ப நூலக வாசல்ல ஆள் உசரத்துக்கு வெச்சாங்க. மறுநாளே பள்ளிக்கூடத்துல இவளைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க, பிச்சைப் போர்டுன்னு. 'ஏம்மா அந்தப் பொண்ணு என்னை மாதிரியே இருக்கா?'ன்னு வந்து கேட்டா. தெரியாதுடின்னு சொல்லிட்டேன். பெத்த பொண்ணுகிட்ட, அது நான்தான்னு சொல்ல வாய் வரல."

"அந்தப் போர்டோட விட்டிருக்கலாமே. மத்த ஊர்லயும் எதுக்கு?"

"அங்கெல்லாமும் நான் போறேனேக்கா. ஊசி போடும்போது பின்னால நானே கையேந்திட்டு நிக்கறேன்."

அண்ணி மடியிலிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டமா?" என்றார்.

"கஷ்டமெல்லாம் இல்லக்கா." ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். "விடுங்க. சொன்னா யாரும் நம்பப் போறதில்ல. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"நான் உங்க பேரைச் சொல்ல மாட்டேன்," என்றார் அண்ணி. "சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. போர்டு கெட்டுப்போச்சுன்னு ரொட்டிக் கூடத்துக்கு அடுப்பை நிறுத்தி வெச்சிருக்காங்க. தையல் கூடத்துக்கும் நிறுத்தியாச்சு. ஆள் கிடைக்கிற வரைக்கும் வராது."

நர்ஸின் முகம் வெளுத்தது. "போர்டுக்காகவா? நான் கிழியாமத்தானே ஒட்டிட்டு வந்தேன்? அந்தம்மா எனக்குச் சுடச்சுட ரொட்டி கட்டிக் குடுத்தாங்களே..." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "என் அவமானத்தை மறைக்கப் போய் ஊரையே தலை குனிய வெச்சுட்டேனே."

இந்த வேன் ஓடுவதும் அதே அறக்கட்டளையின் தயவில்தான். வாயைத் திறந்தால் வேலை போகும். அது எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஐஸ் பெட்டியை மூடினாள், மேசையை மடித்தாள், முகங்களின் கட்டை எடுத்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள திரும்பி வந்துடலாமாக்கா?"

தலைவரின் அறை பெரியது, ஆனால் பகட்டு இல்லை. மர நாற்காலிகள், சுவர் முழுக்க ஊர்களின் வரைபடம், உதவி போன இடத்திலெல்லாம் பச்சை ஊசி. அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் படம். போர்டுகளில் பழுப்பாக இருப்பது இங்கே முழு வண்ணத்தில் இருந்தது. தலைவர் வயசானவர், நல்ல மனுஷர். என் கைக்கட்டைப் பார்த்து நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். "வேன் நல்லா ஓடுதாம்மா?" என்றார். வருஷக்கணக்காக அவரிடம் வேலை பார்க்கிறவள். முதுகுக்குப் பின்னால் சுவரில் இருப்பவளையும் முன்னால் நிற்பவளையும் அவர் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

"ஆள் கிடைச்சாச்சா?" என்றார்.

"கிடைச்ச மாதிரிதான் சார். அதுக்கு முன்னால ஒண்ணு. இந்தப் படத்தோட கதையைச் சொல்லுங்களேன்."

தலைவரின் முகம் மலர்ந்தது. எத்தனையோ மேடையில் சொன்ன கதை, வார்த்தைகள் தானாக வந்தன.

"அப்ப எனக்கு நாப்பது வயசு. கையில புதுக் கேமரா. மலைப்பாதையில கார் நின்னுடுச்சு. நாள் பூரா ஒரு மனுஷனைக் காணோம். சாயங்காலம் திடீர்னு ஒரு குழந்தை, எங்கிருந்து வந்துச்சோ, எதிர்ல நின்னு கையை நீட்டுச்சு. குடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல. அந்த வெறுங்கை என்னைத் தூங்க விடல. அப்பா விட்டுட்டுப் போன சொத்தை எல்லாம் அந்தக் கைக்காகத்தான் எழுதி வெச்சேன்." அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

அண்ணி எழுந்து படத்துக்கு அருகில் போனார். இன்ஷூரன்ஸ் காலத்தில் எரிந்த கடைகளைப் பார்ப்பாராமே, அந்தப் பார்வை.

"கையில இது என்ன சார்?"

"அழுக்கும்மா. பாவம், வறுமை."

"அழுக்கு புறங்கைக்கும் மணிக்கட்டுக்கும்தானே முதல்ல வரும்? இந்தக் குழந்தைக்கு மணிக்கட்டு சுத்தமா இருக்கு. கவுன் சுத்தமா இருக்கு. தலை வாரிப் பின்னியிருக்கு. உள்ளங்கைக் குழியும் விரல் நுனியும் மட்டும் கறுப்பு. கறுப்புகூட இல்ல, ஊதா. போர்டுல பழுப்பா அடிச்சதால யாருக்கும் தெரியல. வெறுங்கைன்னீங்க. கறை இருக்குன்னா இந்தக் கையில ஏதோ இருந்திருக்கணும். அது எங்க போச்சு?"

"நான் எப்படிச் சொல்றது..."

"மல்பெரிப் பழம்," என்றாள் நர்ஸ்.

தலைவர் திரும்பினார்.

"எங்க வீட்டுக்குப் பின்னால மரம் இருந்துச்சு ஐயா. எங்க வீட்ல கஷ்டமே இல்ல. அப்பாவுக்குத் தோட்டம் இருந்துச்சு. ரோட்டுல ஒருத்தர் உக்காந்திருக்கார், பசிக்குதுங்கறார்னு கை நிறையப் பறிச்சுட்டு ஓடி வந்தேன். ரெண்டு தடவை ஓடினேன். நீங்க எல்லாத்தையும் சாப்பிட்டீங்க. அப்புறம் கேமராவை எடுத்து, கையை அப்படியே வெச்சுக்கம்மான்னு சொன்னீங்க. எதிர் வெயில்ல கண்ணுல தண்ணி வந்துச்சு. கண்ணைத் துடைக்கப் போனேன். வேண்டாம், அப்படியே இருன்னு சொன்னீங்க."

கையிலிருந்த கட்டை மேசைமேல் வைத்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றினாள். முகங்கள் சரிந்து பரவின.

"வெட்டினது நான்தான் ஐயா. தப்புதான். என்ன வேணா செய்யுங்க. ஆனா இது கேட்ட கை இல்ல. குடுத்த கை."

தலைவர் மேசைமேல் கிடந்த முகங்களைப் பார்த்தார், பிறகு நர்ஸைப் பார்த்தார், முதல் தடவையாக. மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். பெரிய மனுஷர்கள் முதலில் மறுப்பார்கள், அப்புறம் வக்கீலைக் கூப்பிடுவார்கள். இவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். காது மடல் வரை சிவந்திருந்தது.

"புளிப்பா இருந்துச்சு," என்றார். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "முதல் தடவை கொண்டு வந்தது புளிப்பு. ரெண்டாவது தடவை பழுத்ததாப் பார்த்துக் கொண்டு வந்தே." கண்ணை மூடிக்கொண்டார். "முதல் மேடையில பழத்தைச் சொல்லாம விட்டேன். சொல்லாதப்ப ஜனங்க அழுதாங்க. அடுத்த தடவையும் விட்டேன். போகப் போகப் பழமே இல்லேன்னு ஆயிடுச்சு. என்னை மன்னிச்சிரும்மா."

அவரைப் பார்க்க முடியாமல் நான் வரைபடத்தைப் பார்த்தேன். அவ்வளவு பச்சை ஊசிகள். அத்தனையும் நிஜமான உதவிதான், அத்தனைக்கும் ஆரம்பம் ஒரு பொய். கோபப்படுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை ஐயா," என்றாள் நர்ஸ். "ரொட்டிக் கூடத்து அடுப்பைக் குடுத்துருங்க. தையல் கூடத்துக்கும். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

தலைவர் உடனே போனை எடுத்தார். அடுப்பு போகச் சொன்னார். தையல் கூடத்துக்கு நிறுத்தியதைக் கொடுக்கச் சொன்னார். போர்டுச் சட்டத்தை இன்றோடு எடுத்துவிடச் சொன்னார். வேன் எப்போதும்போல் ஓடும், அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். நிஜமாகவே வெட்கப்பட்ட மனுஷர், ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. போனை வைத்ததும் அவர் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் திரும்பியது.

"எல்லாப் போர்டையும் எடுத்துடறேன். புதுசா வைப்போம். உண்மையைப் போட்டு வைப்போம். நீ கை நிறையப் பழத்தோட நிக்கற மாதிரி ஒரு படம் எடுக்கலாம். உன் பொண்ணு இருக்காளா? அவளும் பக்கத்துல..."

"ஐயா," என்றாள் நர்ஸ்.

அவர் நிறுத்தினார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே விளங்க ஒரு நிமிஷம் ஆனது. பிறகு தலையைக் குனிந்தவர், நாங்கள் வெளியே வரும் வரை நிமிரவில்லை.

திரும்பும் வழியில் நான் வண்டியை ஓட்டினேன். அண்ணி பக்கத்தில். நர்ஸ் பின்னால். ஊர் எல்லை வந்ததும் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "நான் மத்தியானம் பேசினது..." என்று ஆரம்பித்தேன். மேலே வார்த்தை வரவில்லை. வாயாடி என்று பேர் எடுத்தவனுக்கு.

"ஊசியைக் கொஞ்சம் அழுத்திப் போட்டேன் சார்," என்றாள். "சரிக்குச் சரி."

பள்ளிக்கூட மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். சிறுமி வாசலில் தனியாக நின்றிருந்தாள். நூலகப் போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காரில் ஏறி அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். நான் வண்டியைக் கிளப்பப் போனேன். அண்ணி கையைக் காட்டித் தடுத்தார்.

"இங்க பாருடி," என்றாள் நர்ஸ். "அன்னிக்குக் கேட்டியே, அந்தப் போர்டுல இருக்கற பொண்ணு யாருன்னு. அது நான். உன் வயசுல."

சிறுமி திரும்பி ஓட்டையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "நீ பிச்சை கேட்டியாம்மா?"

"இல்லடி. ரோட்டுல ஒருத்தர் பசியோட உக்காந்திருந்தார். நான் பழம் குடுத்தேன். அவர் சாப்பிட்டார். அப்புறம் எடுத்த படம் அது."

சிறுமி அதை யோசித்தாள். மத்தியானம் பிடித்து வைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது. "அப்ப அவர்தானே கையை நீட்டியிருக்கணும்?"

நர்ஸ் அவள் பின்னலை எடுத்து முன்னால் போட்டாள்.

"தேங்க்ஸ் சொன்னாரா?"

நான் கண்ணாடியில் நர்ஸைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைவர் மன்னிப்புக் கேட்டார். அடுப்பு கொடுத்தார், வேன் கொடுத்தார், போர்டுகூடக் கொடுக்க வந்தார். அந்த ஒரு வார்த்தை அவருக்கும் தோன்றவில்லை, கூட நின்ற எங்களுக்கும் தோன்றவில்லை.

"பாவம்டி, ரொம்பப் பசி அவருக்கு," என்றாள் நர்ஸ். "அதுல மறந்திருப்பார்."

"இப்பவுமா பசிக்குது?" என்றாள் சிறுமி.